செம்பழுப்புப் புகை: பின்னேரம் பட்டது விடியப்புறம் ஏன் மூச்சை அடைக்கிறது?

வேலைத்தளத்தில் அசிட் புகை பட்டு ஒருவர் பாதிக்கப்பட்டார் என்று செய்தி வந்தால், வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் குழம்புகிறார்கள். புகை பட்டது பின்னேரம் நாலு மணிக்கு. கொஞ்சம் இருமினார், முகத்தைக் கழுவினார், பஸ் ஏறி வீட்டுக்கும் போய்விட்டார். இரவு இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து குந்திக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறார். இடையில் பதினொரு மணித்தியாலம். "புகையால் என்றால் அப்போதே வந்திருக்க வேண்டுமே, இது வேறேதோ வருத்தம்" என்று வீட்டார் நினைக்கிறார்கள். அமிலத்தைப் பற்றி யாரும் சொல்லாவிட்டால் வைத்தியரும் அப்படியே நினைக்கக்கூடும்.

அந்தப் பதினொரு மணித்தியாலத்துக்குள் நுரையீரலில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம். புகையின் பெயர் நைதரசன் ஈரொட்சைட்டு. ஒரு நைதரசன் அணுவும் இரண்டு ஒட்சிசன் அணுக்களும் சேர்ந்த சிறிய மூலக்கூறு அது.

புகை எங்கிருந்து கிளம்புகிறது

கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வாசலில் நிற்பவருக்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கொளியும்தான் தெரியும். பழைய நகை புதுத் தங்கமாக மாறும் இடம் பின்னால் உள்ள ஒழுங்கைகளிலும் மாடியறைகளிலும் இருக்கிறது. பழைய தங்கத்தில் வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும். அவற்றைக் கழித்துச் சுத்தத் தங்கம் எடுக்க நைத்திரிக் அமிலம் தேவை. பத்தர்மார் அதை அசிட் என்றோ திராவகம் என்றோ சொல்வார்கள். தங்கம் அதில் கரையாது. வெள்ளியும் செம்பும் கரையும்.

ஆனால் 22 கரட் கட்டியை அப்படியே அமிலத்தில் போட்டால் ஒன்றும் நடக்காது. மேலிருக்கும் தங்கமே கவசமாக நின்று அமிலத்தை உள்ளே விடாது. அதனால் வெள்ளியையோ செம்பையோ மேலும் சேர்த்து, மொத்த எடையில் தங்கம் காற்பங்காகும்படி மூசையில் உருக்கி, தண்ணீரில் ஊற்றிக் குறுணையாக்குகிறார்கள். தங்கத்தைச் சுத்தமாக்க முதலில் அதை இன்னும் அசுத்தமாக்க வேண்டியிருக்கிறது! ஒவ்வொரு பவுணுக்கும் எவ்வளவு உலோகம் அமிலத்தில் கரைகிறதோ அவ்வளவுக்குப் புகை வரும் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

குறுணை விழுந்த கண்ணாடிக் குவளையைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். அடியில் குமிழிகள் எழும்புகின்றன. செம்பு கரையக் கரையத் திரவம் பச்சையாகி நீலமாகிறது. திரவத்துக்கும் குவளை வாய்க்கும் நடுவில் சாயத்தேநீரின் நிறத்தில் ஒரு புகை நிறைந்து, விளிம்பு வழியாக வெளியே சரிகிறது. வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ளும் அடையாளமும் அந்தப் புகைதான். உலோகம் கரைந்து தீர்ந்தால் புகை வெளுக்கும். ஆகவே வேலை செய்பவர் திரும்பத் திரும்பக் குவளையைக் குனிந்து பார்க்கிறார். அவர் கவனமில்லாதவர் அல்ல. குனிந்து பார்க்காமல் அந்த வேலையை ஒழுங்காக முடிக்க முடியாது. பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லப் புறப்படுபவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

இதே வாயு வேறு வழிகளாலும் வரும். நைத்திரிக் அமிலம் மரத்தூள், சாக்கு, கடதாசி மீது கொட்டினால் பழுப்புப் புகை கிளம்பும், தீயும் பிடிக்கலாம். நகையைத் துலக்கிக் காயவைக்க மரத்தூள் வைத்திருக்கும் பட்டறைகளில் இது சாதாரண ஆபத்தல்ல. கொட்டிய அமிலத்தை மரத்தூளால் ஒற்றி எடுக்கவே கூடாது. கப்பல் தொட்டி போன்ற அடைத்த இடத்தில் நெடுநேரம் ஒட்சி-அசற்றலீன் சுடர் எரித்தாலும் காற்றில் உள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து இதை உண்டாக்கும். டீசல் எஞ்சின் புகையிலும் இது உண்டு.

கொழும்பு மக்கள் இந்த வாயுவின் பெயரைப் பரவலாகக் கேட்டது 2021இல். அந்த ஆண்டு மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீ மூண்டது. அதில் இருந்த 1,486 கொள்கலன்களில் 25 தொன் நைத்திரிக் அமிலமும் அடக்கம். அமிலக் கொள்கலன் ஒன்று ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது. கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அதை இறக்க முடியாத நிலையிலேயே கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. புகையில் உள்ள நைதரசன் ஈரொட்சைட்டால் இலேசான அமில மழை பெய்யக்கூடும் என்று அப்போது அதிகாரிகள் எச்சரித்தார்கள். திறந்த கடலில் காற்று அதைக் கலைத்துவிட்டது. மாடியறைக்குள் அப்படிக் கலைக்க ஒன்றும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

பத்துக் கிராம் செம்பு செறிந்த நைத்திரிக் அமிலத்தில் கரைந்தால், இரசாயனச் சமன்பாட்டின்படி ஏறக்குறைய 14.5 கிராம் நைதரசன் ஈரொட்சைட்டு உண்டாகும். கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் அது கிட்டத்தட்ட 8 லீற்றர் வாயு.

அறை 3 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 22,500 லீற்றர் காற்று இருக்கிறது. 8 லீற்றர் வாயு அதில் சமமாகக் கலந்தால் காற்றின் பத்து இலட்சம் பங்கில் சுமார் 350 பங்கு இந்த வாயு இருக்கும். பத்து இலட்சத்தில் ஒரு பங்கைச் சுருக்கமாக 1 பிபிஎம் என்பார்கள்.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் இந்த வாயுவுக்கு வகுத்த எல்லைகள் இரண்டு. வேலை செய்பவர் 15 நிமிடத்துக்குச் சுவாசிக்கலாம் என்று அது பரிந்துரைக்கும் உச்ச அளவு 1 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அது வகுத்த அளவு 13 பிபிஎம். நம் கணக்கில் வந்தது 350.

உண்மையான அறையில் இந்த எண் அப்படியே வராது. வாயுவின் ஒரு பகுதி நைத்திரிக் ஒட்சைட்டாகப் பிறக்கும். அது நிறமற்றது, ஆனால் குவளைக்கு மேலேயே காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பழுப்பாகிவிடும். கொஞ்சம் யன்னலால் வெளியே போகும். மறுபக்கம், குவளைக்கு மேல் குனிந்த முகத்துக்கு அறையின் சராசரியை விடப் பல மடங்கு கிடைக்கும். கணக்கை இங்கே வைத்ததற்குக் காரணம், பத்துக் கிராம் என்ற அளவின் சிறுமையைக் காட்டத்தான். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத செம்பு அது.

இன்னுமொரு பௌதிக உண்மையும் உண்டு. இந்த வாயு காற்றை விட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமானது. சூடாகக் கிளம்பும்போது மேலே போனாலும், ஆறியதும் கீழே இறங்கித் தங்கும். தரையில் பாய் விரித்து வேலை செய்பவருக்கும், படிக்குக் கீழே உள்ள அறையில் இருப்பவருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து.

மூக்கு ஏன் எச்சரிக்கவில்லை

முழு விடயத்துக்கும் திறவுகோல் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா கசிந்தால் என்ன நடக்கும்? எல்லாரும் ஓடுவார்கள். கண் எரியும், மூக்கு எரியும், தொண்டை இறுகும். ஒரு மூச்சுக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. காரணம், அமோனியா தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் வாயு. கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஈரமான இடங்கள். வாயு அந்த முதல் ஈரத்திலேயே கரைந்து அங்கேயே எரிக்கிறது. வலிதான், ஆனால் அந்த வலியே காவல். ஐதரோகுளோரிக் அமிலப் புகையும் கந்தகவீரொட்சைட்டும் இப்படித்தான்.

நைதரசன் ஈரொட்சைட்டு தண்ணீரோடு மெதுவாகவே சேரும். மூக்கின் ஈரத்தையும் தொண்டையின் ஈரத்தையும் பெரும்பகுதி தொடாமலே கடந்து, மூச்சுக்குழாயின் கிளைகள் வழியாக இறங்கி, நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். முதல் உலகப் போரில் பாவிக்கப்பட்ட பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவும் இதே வழியில்தான் கொன்றது. குளோரீன் அமோனியாவுக்கும் இதற்கும் இடைப்பட்டது.

மணமே இல்லை என்று அர்த்தமல்ல. ஒரு பிபிஎம்முக்கும் குறைந்த அளவிலேயே காரமான வாடை தெரியும். ஆனால் வாடை தெரிவது வேறு, தாங்க முடியாமல் ஓடவைப்பது வேறு. நாள்தோறும் அந்த வாடையில் இருப்பவரின் மூக்கு அதற்குப் பழகியும் போகிறது. "எனக்கு ஒன்றும் செய்யாது, இருபது வருடமாக இந்த வேலைதான்" என்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய மூக்கு அவருக்குச் சொல்வது அதுதான்.

இதிலிருந்து வரும் முடிவு கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். உடனே கடுமையாக எரிக்கும் புகையை விட, கொஞ்சம் எரித்து விட்டுவிடும் புகையையே அதிகம் நம்பக்கூடாது.

சிற்றறைக்குள் நடப்பது

நுரையீரலின் நுனியில் காற்றுச் சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை கோடிக்கணக்கில். எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் ஏறக்குறைய 70 சதுர மீற்றர் வரும். சிற்றறையின் காற்றுக்கும் பக்கத்து மயிர்க்குழாயில் ஓடும் குருதிக்கும் இடையில் உள்ள சுவர் ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. ஒட்சிசன் அந்தச் சுவரால்தான் குருதிக்குள் போகிறது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் நாம் மூச்சு விடுகிறோம். அவ்வளவு மெல்லியதாக இருப்பதாலேயே அது எளிதில் கிழிந்தும் போகிறது.

இந்த வாயு ஈரத்தோடு சேர்ந்து நைத்திரிக் அமிலமும் நைத்திரசு அமிலமும் ஆகிறது, அமிலம் சுவரைச் சுடுகிறது என்று பல இடங்களில் விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மை. பெரிய சேதம் இன்னொரு வழியால் வருகிறது. நைதரசன் ஈரொட்சைட்டு மூலக்கூறில் சோடி சேராத ஓர் இலத்திரன் இருக்கிறது. சோடி தேடி அது பக்கத்தில் கிடைப்பதைப் பிடுங்கும். இப்படிப்பட்ட மூலக்கூறுகளைச் சுயாதீன மூலிகங்கள் என்கிறோம்.

சிற்றறையின் உட்புறத்தில் மெல்லிய ஒரு நீர்ப்படலம் உண்டு. அதில் விற்றமின் சி, யூரிக் அமிலம், குளுற்றதயோன் போன்ற காப்புப் பொருட்கள் இருக்கின்றன. முதலில் வரும் வாயுவை அவை தடுத்து நிறுத்தும். இருப்புத் தீர்ந்ததும் கலங்களின் கொழுப்புப் படலம் தாக்கப்படுகிறது. ஒரு கொழுப்பு மூலக்கூறு தன் இலத்திரனை இழந்தால் அது அடுத்ததைப் பிடிக்கும், அது அதற்கடுத்ததை. இந்தச் சங்கிலி தொடங்கிவிட்டால் வாயு தீர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் சாவது இரண்டு வகைக் கலங்கள்: மூச்சுச் சிறுகுழாய்களின் கடைசி முனையில் உள்ள மயிர்க் கலங்கள், சிற்றறைச் சுவரைப் பரப்பி மூடியிருக்கும் தட்டையான கலங்கள். அவை உதிர்ந்த இடத்துக்கு வெண்குருதிக் கலங்கள் திரண்டு வருகின்றன. துப்புரவு செய்ய வந்த அவையும் தம் பங்குக்கு மூலிகங்களையும் நொதியங்களையும் கக்குகின்றன. மயிர்க்குழாயின் இடுக்குகள் திறந்து குருதியின் நீர்ப்பகுதி சிற்றறைக்குள் கசியத் தொடங்குகிறது.

அந்தப் பதினொரு மணித்தியாலத்துக்கான விடை இங்கேதான் இருக்கிறது. கலம் சாக நேரம் எடுக்கும். வெண்குருதிக் கலங்கள் வந்து திரளவும் நேரம் எடுக்கும். கசிவு சொட்டுச் சொட்டாகத் தொடங்கி, உடல் அதை வடிகட்டி அகற்றும் வேகத்தை மிஞ்சும்வரை வெளியில் ஒன்றும் தெரியாது. மிஞ்சிய கணத்திலிருந்து மனிதர் தம் சொந்தக் குருதி நீரில் உள்ளிருந்தே மூழ்கத் தொடங்குகிறார். இதயம் பழுதானாலும் நுரையீரலில் நீர் கோக்கும், ஆனால் இங்கே இதயத்தில் பழுது இல்லை. சுவர்தான் ஓட்டையானது.

நான்கு கட்டங்கள்

1. புகை படும் நேரம். இருமல், தொண்டைக் கரகரப்பு, கண்ணில் இலேசான எரிவு, தலையிடி, சிலருக்கு வாந்தி. வெளிக்காற்றுக்கு வந்ததும் பெரும்பாலும் தணிந்துவிடும். மிக அதிகமான அளவென்றால் அங்கேயே மூச்சு நின்று சாவதும் உண்டு.

2. அமைதிக் கட்டம். பொதுவாக 3 முதல் 30 மணித்தியாலம் வரை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால் சுத்தமாக இருக்கும். குருதியின் ஒட்சிசனை அளக்க விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் 98 காட்டும். இந்த நேரத்தில் வைத்தியசாலைக்குப் போய் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அது அந்த நேரத்துக்கு மட்டுமே உண்மை.

3. நீர் கோக்கும் கட்டம். மூச்சு வேகம், படுக்க முடியாத அவதி, நுரையோடு அல்லது இளஞ்சிவப்பாகச் சளி, உதடு நீலம் பாய்தல். தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படும். இதைத் தாண்டியவர்கள் சில நாட்களில் தேறத் தொடங்குவார்கள்.

4. இரண்டாவது விழுகை. புகை பட்டு 2 முதல் 6 வாரத்துக்குள், தேறிவிட்டார் என்று எல்லாரும் நினைத்த பிறகு, காய்ச்சல், வறட்டு இருமல், படி ஏற முடியாத இளைப்பு. மூச்சுச் சிறுகுழாய்கள் காயம் ஆறும்போது தழும்பு இழைகளால் அடைபட்டுப் போவதே காரணம். முதலாம், மூன்றாம் கட்டம் பெரிதாக இல்லாதவருக்கும் இது வரலாம். மிக எளிதில் தவறவிடப்படுவது இதுதான், ஏனென்றால் அப்போது யாருக்கும் புகை நினைவில் இருப்பதில்லை.

இந்த அட்டவணையை வைத்தியம் கற்றுக்கொண்டது பட்டறைகளில் அல்ல. 1929 மே 15ஆம் திகதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு மருத்துவ நிலையத்தின் அடித்தளத்தில் அடுக்கியிருந்த எக்ஸ்ரே படச்சுருள்கள் தீப்பிடித்தன. அந்தக் காலத்துப் படச்சுருள் நைத்திரோ செல்லுலோசால் ஆனது. அது எரிந்தபோது காபனோரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் கட்டடம் முழுக்கப் பரவின. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். தம் காலால் நடந்து வெளியே வந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, மணித்தியாலங்கள் கழித்து இறந்தவர்களும் அவர்களில் உண்டு.

1956இல் லோரி, ஷூமன் என்ற இரண்டு அமெரிக்க வைத்தியர்கள் விவசாயிகளிடையே கண்ட ஒரு நோயை விவரித்தார்கள். பச்சைச் சோளத் தட்டையை உயரமான களஞ்சியக் கோபுரத்தில் நிரப்பிப் புளிக்க வைக்கும்போது முதல் சில நாட்களில் இந்த வாயு உண்டாகித் தட்டைக்கு மேல் தங்கி நிற்கும். ஏறி உள்ளே போனவர்கள் முதலில் இருமிவிட்டு, தேறி, வாரங்கள் கழித்து மறுபடி விழுந்தார்கள். நான்காம் கட்டம் தெளிவாகப் பதிவானது அப்போதுதான்.

1975 யூலையில் அப்பலோ-சோயுஸ் பயணத்தை முடித்துத் திரும்பிய மூன்று அமெரிக்க விண்வெளி வீரர்களும் இதே வாயுவைச் சுவாசித்தார்கள். விண்கலம் இறங்கும்போது, எரிபொருளை எரியவைக்கும் ஒட்சியேற்றியின் வாயு உள்ளே புகுந்துவிட்டது. ஒருவர் சற்று நேரம் மயங்கியே போனார். கடலில் இறங்கியபின் மூவரும் எழுந்து நடமாடினார்கள், ஆனால் அடுத்த நாள் எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் அழற்சி தெரிந்தது. ஹொனலூலுவில் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்ததில் மூவரும் பிழைத்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் வீட்டுக்குப் போய்ப் படுத்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஒக்சிமீற்றர் ஏமாற்றும் இடம்

கொரோனாக் காலத்தில் பல வீடுகளில் ஒக்சிமீற்றர் வாங்கினார்கள். அதனால் இந்தக் குறிப்பு தேவை. அமைதிக் கட்டத்தில் அது காட்டும் நல்ல எண்ணை நம்பி இருந்துவிடக்கூடாது என்பது ஒன்று.

மற்றது, இந்த வாயுவிலிருந்து உண்டாகும் நைத்திரைற்று குருதிக்குள் போய் ஈமோகுளோபினின் ஒரு பகுதியை மெத்தீமோகுளோபினாக மாற்றிவிடும். அது ஒட்சிசனைச் சுமக்காது. அதன் அளவு கூடினால் உண்மையான நிலை என்னவாக இருந்தாலும் கருவி 85க்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஒட்சிசன் கொடுத்தும் எண் அசையாமல், குருதி சொக்லேற் நிறத்தில் இருந்தால் வைத்தியர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். அதற்கு மெதிலீன் நீலம் என்ற மருந்து இருக்கிறது. அது குருதிக்கான மருந்து மட்டுமே, நுரையீரல் காயத்தை ஆற்றாது. நுரையீரல் காயத்துக்கு மாற்று மருந்து என்று ஒன்று இன்றுவரை இல்லை. ஒட்சிசன், தேவையானால் செயற்கைச் சுவாசம், அழற்சியைத் தணிக்க ஸ்டீரொயிட், இவ்வளவுதான். அதனால்தான் நேரத்தோடு போவதற்கு இவ்வளவு மதிப்பு.

தெருக் காற்றில் இருப்பதும் இதுதானா?

ஆம், அதே மூலக்கூறு. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம். இலங்கையின் காற்றுத் தர நியமம் 24 மணித்தியாலச் சராசரியாக ஒரு கன மீற்றருக்கு 100 மைக்ரோகிராமை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டல் அதற்கு 25 தான். இந்தக் கணக்கில் உயிராபத்து எல்லையான 13 பிபிஎம் என்பது 24,000 மைக்ரோகிராமுக்கு மேல்.

புறக்கோட்டை பஸ் நிலையத்தில் நிற்பவருக்கு நுரையீரலில் நீர் கோக்காது. அங்கே உள்ள கேடு வேறு மாதிரி: பிள்ளைகளின் ஆஸ்மா கூடுவது, மூச்சுக்குழாய்த் தொற்று அடிக்கடி வருவது, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல. நம் நியமம் வழிகாட்டலின் நான்கு மடங்காக இருப்பது தனியாகப் பேசப்பட வேண்டிய விடயம். பேசத்தான் வேண்டும்.

பட்டறையில் மாற வேண்டியவை

துணி முகக்கவசமும் சத்திரசிகிச்சை முகக்கவசமும் என்-95உம் தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்கா. பெயின்ற் அடிப்பவர்கள் மாட்டும் கரி வடிகட்டியும் இந்த வாயுவுக்கென்று செய்யப்பட்டதல்ல. ஆகவே புகை முகத்துக்கு வராமல் பார்ப்பதுதான் வழி.

மேசை விசிறி தீர்வில்லை. அது புகையைக் கலைத்து அறை முழுக்கப் பரப்பும், நிறம் மங்குவதால் போய்விட்டது என்ற நினைப்பும் வரும். வேலை செய்பவரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் இழுவிசிறி வைப்பது இன்னும் மோசம், புகை அவர் முகத்தைக் கடந்துதான் விசிறிக்குப் போகும். காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து குவளையைத் தாண்டி அப்பால் இழுக்கப்பட வேண்டும். குவளை மூன்று பக்கமும் அடைத்த, முன்னால் கண்ணாடிக் கதவு இறக்கிய புகைக்கூண்டுக்குள் இருந்தால் குனியாமலே நிறத்தைப் பார்க்கலாம். பத்தருக்குத் தேவையானது நிறத்தைப் பார்ப்பதுதானே.

குழாய் வைத்து வெளியே விட்டால் போதும் என்பதும் சரியல்ல. செட்டியார் தெருவின் பின் ஒழுங்கைகளில் ஒரு வீட்டுக் குழாயும் அடுத்த வீட்டு யன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. புகையை வெறும் தண்ணீரில் விட்டால் கொஞ்சம்தான் கரையும், கரையும்போது நைத்திரிக் ஒட்சைட்டு மறுபடி வெளியே வரும். எரிசோடாக் கரைசல் பொழியும் கழுவு கோபுரத்தால் போகவிட்டால் பெரும்பகுதி பிடிபடும். தனிப் பத்தர் ஒருவரால் இதற்குச் செலவழிக்க முடியாது. நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு பொதுக் கூண்டு வைத்துக்கொள்ளலாம். அவர்கள் செய்து கொடுக்கும் தங்கத்தில் இலாபம் பார்க்கும் கடைக்காரர்கள் அந்தச் செலவில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புகை பட்டால்

1. உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். அமிலம் தெறித்த உடுப்பைக் கழற்றி, தோலையும் கண்ணையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். புகை நிறைந்த அறைக்குள் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்த் தூக்கப் பார்ப்பது இரண்டாவது ஆளையும் இழக்கும் வழி. தீயணைப்புப் படையைக் கூப்பிடுங்கள்.

2. அவரை நடக்கவிட வேண்டாம், படி ஏறவிட வேண்டாம். உழைப்பு கசிவைக் கூட்டும். உட்காரவைத்து 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

3. பால் கொடுப்பது பழைய வழக்கம். பால் இரைப்பைக்குப் போகும், காயம் இருப்பது நுரையீரலில். ஆவி பிடிப்பதும் உதவாது. இவற்றில் போகும் நேரம்தான் நட்டம்.

4. வைத்தியசாலையில் "அசிட் புகை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நைத்திரிக் அமிலத்தில் செம்பு போட்டதால் வந்த பழுப்புப் புகை, நாலு மணிக்குப் பட்டது, பத்து நிமிடம் அறைக்குள் இருந்தார்" என்று சொல்லுங்கள். அமிலத்தின் பெயர், உலோகம், நேரம், எவ்வளவு நேரம் என்ற நான்கும் ஒரு துண்டில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை கேட்கவும் இந்த விபரம்தான் வேண்டும்.

5. புகை கணிசமாகப் பட்டிருந்தால், நோவே இல்லாவிட்டாலும் 24 முதல் 48 மணித்தியாலம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கிறன், நாளைக்குக் கலியாண ஓர்டர் இருக்கு" என்று எழும்பி வருபவரை வீட்டார்தான் பிடித்து வைக்க வேண்டும்.

6. வைத்தியசாலையால் வரும்போது கொடுத்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். புகை பட்ட நாளிலிருந்து ஆறு வாரம் எண்ணி அந்தத் திகதியை வீட்டு நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்கு முன் எந்த நாளிலாவது காய்ச்சலோடு வறட்டு இருமல் வந்தால், அல்லது வழக்கமாக ஏறும் படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினால், தடிமன் என்று நினைத்து மருந்துக்கடையில் பாணி வாங்காமல் அந்த அட்டையோடு அதே வைத்தியரிடம் போங்கள்.